பாட்டியின் பாட்டி பிறந்த ஊர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் பாட்டி 1926-இல் பிறந்தவர். அவருடைய பாட்டி, உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது 18 வயதில் கார்க் பகுதியிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவர் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். பிரிட்ஜெட் என்ற பெயரைத் தவிர வேறு விவரம் எதுவும் அவர்களிடம் இல்லை. அவர் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று என் பேத்தி ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, திருச்சி

பதில்: அயர்லாந்துப் பதிவேடுகளைத் தேடிப் போவதற்கு முன்பு, வீட்டில் சொல்லப்படும் கதையை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பஞ்சம் 1845 முதல் 1852 வரை நீடித்தது. அப்போது அவருக்கு 18 வயது என்றால், அவர் 1827-க்கும் 1834-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். அவருடைய பேத்தியோ 1926-இல் பிறந்திருக்கிறார். இரண்டு தலைமுறைகளுக்கு இடையே 90 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுவது முடியாததன்று என்றாலும் மிக அரிது. இடையில் ஒரு தலைமுறை விடுபட்டிருக்கலாம். அல்லது, அவர் பஞ்சம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்திருக்கலாம். ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டு, அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போன பேரழிவு அது என்பதால், பின்னாளில் வந்த முன்னோரையும் பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லிவிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு.

இந்த ஐயத்தை 1900-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தீர்த்துவைக்கக்கூடும். ஒவ்வொருவரும் பிறந்த மாதம், ஆண்டு, அயல்நாட்டிலிருந்து வந்தவராயின் வந்த ஆண்டு ஆகியவற்றை அதில் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர் 1864-க்குப் பிறகு பிறந்தவர் என்று தெரியவந்தால் உங்கள் வேலை பெரிதும் எளிதாகும். ஏனெனில் அந்த ஆண்டிலிருந்துதான் அயர்லாந்தில் எல்லா மதத்தினருடைய பிறப்பு, இறப்பு, திருமணங்களையும் அரசு பதியத் தொடங்கியது.

குடும்பக் கதையைப் பதிவுகளோடு ஒத்துப்பார்க்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஆனி மூரின் வரலாறே சான்று. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது, அதன் வழியே முதலில் பதிவானவர் கார்க்கிலிருந்து 'நெவாடா' கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்திறங்கிய அந்தப் பெண்தான். அவர் டெக்சாஸுக்குப் போய் அங்கேயே இறந்தார் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. டெக்சாஸில் வாழ்ந்த அதே பெயருடைய பெண்ணின் வழித்தோன்றல்கள் விழாக்களில் கௌரவிக்கவும் பட்டார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் பதிவுகளைப் புரட்டியபோது, அந்தப் பெண் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்பது தெரிந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டுப் போகவே இல்லை. 1924-இல் இறந்து, குவீன்ஸ் பகுதியின் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல்கூட இல்லாத குழியில் கிடந்தார் என்பது 2006-இல்தான் வெளிவந்தது. அவருக்குக் கல் நாட்டப்பட்டது 2008-இல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

அடுத்தது ஊர். மாசசூசெட்ஸ் மாநிலம் 1841 முதலே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிந்து வந்திருப்பது உங்கள் நல்வாய்ப்பு. அவருடைய திருமணப் பதிவிலோ இறப்புப் பதிவிலோ பெற்றோரின் பெயர்கள் இருக்க வாய்ப்புண்டு. அவருடைய பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த பங்குக் கோவிலின் ('பங்கு' என்பது ஒரு கோவிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஏட்டில் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் உறவினராகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார்கள். பிரிட்ஜெட் என்ற பெயர் அமெரிக்கப் பதிவுகளில் பல இடங்களில் 'டீலியா' என்றும், அயர்லாந்தின் லத்தீன் ஏடுகளில் 'பிரிகிடா' என்றும் வரும் என்பதால், மூன்றையும் தேட வேண்டும். பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' என்ற கத்தோலிக்க வார இதழ், பிரிந்துபோன உறவினரைத் தேடுவோரின் விளம்பரங்களை 1831 முதல் 1921 வரை வெளியிட்டது. 'இன்ன பங்கைச் சேர்ந்த என் தங்கையைக் காணவில்லை' என்று அண்ணன் கொடுத்த நான்கு வரி விளம்பரம், வேறெந்த ஆவணத்திலும் கிடைக்காத ஊர்ப் பெயரைத் தந்துவிடக்கூடும்.

அவருடைய மக்களின் பெயர்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும், முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயரையும் இடுவது அயர்லாந்துக்காரரிடையே பரவலான மரபு. 'பெயரன்' என்ற சொல்லையே பேரனுக்கு வைத்திருக்கும் நமக்கு இது புதிதன்று.

பங்கின் பெயர் கையில் கிடைத்த பிறகுதான் அயர்லாந்துப் பக்கம் போக வேண்டும். டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் எரிந்தபோது, பஞ்ச காலத்தையொட்டிய கணக்கெடுப்பு ஏடுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. முழுமையாகத் தப்பியவற்றுள் பழையது 1901-ஆம் ஆண்டினுடையது. எனினும் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நிலம் வைத்திருந்த குடும்பத் தலைவர்களைப் பட்டியலிடும் 'கிரிஃபித் மதிப்பீடு' (1847-1864) எந்தக் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்பதைக் காட்டும்.

கேள்வி: குடியேறியவர்களின் பெயர்களை எல்லிஸ் தீவு அதிகாரிகள் மாற்றிவிட்டார்கள் என்பது உண்மையா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. பயணிகளின் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. தீவின் அதிகாரிகள் அதை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பிற்காலத்தில் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தினரே. தவிர, எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே குடும்பம் ஓர் ஏட்டில் 'ஓ'சல்லிவன்' என்றும் மற்றோர் ஏட்டில் வெறும் 'சல்லிவன்' என்றும் இருக்கும். அதனால் முன்னொட்டோடு ஒரு முறையும் அதில்லாமல் ஒரு முறையும் தேடுங்கள்.