ஆரத்தைப் பாதியாக்கினால் காலம் ஏன் நான்கு மடங்காகவில்லை?

கேள்வி: ஹெனான் மேப்பை (தளத்தில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளியைத் தரும் எளிய சூத்திரம்; பாதை ஒழுங்கற்று ஓடும்) 1.4, 0.3 என்ற வழக்கமான அளவுருக்களோடு 1 லட்சம் படிகள் ஓட்டினேன். அட்ராக்டரில் (பாதை கடைசியில் போய்ச் சேர்ந்து சுற்றும் புள்ளித் தொகுதியில்) ஒரு புள்ளியைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு, பாதை அதற்குள் சராசரியாக எத்தனை படிக்கு ஒருமுறை திரும்புகிறது என்று எண்ணினேன். ஆரத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்வாசி ஆகிறது. காலம் 4 மடங்காக வேண்டாமா? 2.4 மடங்குதான் வருகிறது. புரோகிராமில் பிழையா?

பதில்: பிழையே இல்லை. அந்த 2.4-இல்தான் அட்ராக்டரின் பரிமாணம் இருக்கிறது.

பாதை திரும்பி வரும் என்பதை 1890-இல் கணிதவியலாளர் புவான்கரே நிறுவினார். எவ்வளவு நேரத்தில் என்பதற்கு 1947-இல் இன்னொரு கணிதவியலாளர் மார்க் காக் விடை தந்தார்: எர்கோடிக் அமைப்பில் (ஒரே நீண்ட பாதை முழு அமைப்பின் சராசரியையும் காட்டும் அமைப்பில்) சராசரி மீள்வரவுக் காலம், அந்த வட்டத்துக்குள் பாதை கழிக்கும் நேரப் பங்கின் தலைகீழ். உதாரணமாக, 1 லட்சம் படியில் 500 வருகை என்றால் சராசரி 200. இதில் வட்டத்தின் பரப்புக்கு வேலையே இல்லை; அதற்குள் அட்ராக்டர் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கணக்கு. ஆரம் பாதியானதும் வருகை 208 ஆகக் குறைந்தால், காலம் 480. 2.4-இன் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்துப் பாருங்கள்: 1.26. இதுதான் பரிமாணம்: கோட்டை (1) விடக் கொஞ்சம் தடிமன், தளத்தை (2) விட நிறைய மெலிவு. லியாபுனோவ் எண்களிலிருந்து (அருகருகே உள்ள பாதைகள் விலகும், நெருங்கும் வேகங்களிலிருந்து) கிடைக்கும் கப்லான்–யார்க் பரிமாணமும் கிட்டத்தட்ட இதேதான். எனக்கு இது இன்றும் அழகான பொருத்தம்.

ஆனால் ஒரே புள்ளியை, இரண்டே ஆரங்களை நம்பாதீர்கள். அட்ராக்டர் குறுக்குவாட்டில் இடைவெளி விட்ட இழைகளாக இருப்பதால், வட்டம் சுருங்கும்போது வருகை ஒரே சீராக இறங்காது, படிக்கட்டு மாதிரித்தான் இறங்கும். பல மையங்கள், பல ஆரங்கள் எடுத்து, ஆரத்தின் மடக்கைக்கு எதிரே காலத்தின் மடக்கையை வரைந்து, சாய்வின் அளவைப் பாருங்கள். வருகை சில பத்துகளுக்குக் கீழே போனால் அந்த ஆரத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், காலங்களின் மடக்கையை எடுத்தபின் சராசரி காணுங்கள். காலங்களையே சராசரி செய்தால் பெட்டிப் பரிமாணத்துக்கு (அட்ராக்டரை மூடத் தேவையான பெட்டிகளை மட்டும் எண்ணிக் கிடைப்பது) போய்விடுவீர்கள். அது சற்றுப் பெரியது.

அடுத்து, படிகளாகத் தாவாமல் இடைவிடாமல் நகரும் லோரன்ஸ் சமன்பாடுகள் போன்ற தொடர் ஓட்டத்துக்குப் போனால் ஒரு பொறி உண்டு. பாதை கோளத்துக்குள் நுழைந்ததும் அடுத்தடுத்த மாதிரிகளும் உள்ளேயே இருக்கும். நுழைவுகளை மட்டும் எண்ணினால், ஒவ்வொரு நுழைவிலும் தங்கும் நேரம் ஆரத்துக்கு விகிதமாக இருப்பதால், சாய்வு பரிமாணத்தை விட 1 குறையும். 1.06 வந்தால் 2.06 என்று எழுதுங்கள்.