பாம்பு விஷத்தைத் தானே ஊசியில் ஏற்றிக்கொண்டால் எதிர்ப்புச் சக்தி வருமா?

வரும். ஆனால் கேட்பவர்கள் நினைக்கிற அளவுக்கு வராது.

விஷமுறிவு மருந்து தயாரிப்பதே இந்த வழியில்தான். குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். மனித உடலும் அப்படியே எதிர்வினை காட்டும்.

அமெரிக்கரான பில் ஹாஸ்ட் 1948 முதல் நாகப்பாம்பு விஷத்தை ஏற்றிக்கொண்டார். 170 தடவைக்கு மேல் கடிபட்டும் 100 வயது வரை வாழ்ந்தார். இதைச் சொல்பவர்கள் அவருடைய கைகள் உருக்குலைந்துபோனதைச் சொல்வதில்லை! ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புரதம் கடித்த இடத்துக்கு வந்து வேலை செய்வதற்குள், கண்ணாடி விரியன் போன்ற விரியன் வகைப் பாம்பின் விஷம் அங்குள்ள தசையை அழிக்கத் தொடங்கிவிடும்.

நாக விஷத்துக்குப் பழகிய உடல் விரியனுக்குத் தாங்காது. இரண்டின் நச்சுப் புரதங்களும் வேறு. ஊசியை நிறுத்தினால் எதிர்ப்பும் மெல்லக் குறைந்துவிடும். இதைவிட மோசம், திரும்பத் திரும்ப ஏற்றுவதால் சிலருக்கு விஷமே கடும் ஒவ்வாமையாக மாறி, சிறு அளவிலேயே மூச்சை அடைத்துவிடும்.

இப்படித் தானே விஷத்தை ஏற்றிவந்த டிம் ஃப்ரீடி என்ற அமெரிக்கர் 2001இல் நாகக் கடியால் கோமாவுக்கே போனார். பிழைத்துத் தொடர்ந்த அவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதங்களைக் கொண்டு உருவாக்கிய மருந்துக் கலவை எலிகளைப் பல நச்சுப்பாம்புகளின் விஷத்திலிருந்து காத்ததாக 2025இல் ஓர் ஆய்வு வெளியானது. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.