சிறிய பேண்ட்சாவில் அரை அங்குல பிளேடு போடலாமா?

இயந்திரத்தின் பெட்டியில் "அரை அங்குலம் வரை" அகலமுள்ள பிளேடு போடலாம் என்று அச்சிட்டிருப்பதால் அதையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 9 அல்லது 10 அங்குலச் சக்கரமுள்ள மேசை பேண்ட்சாவை, அதாவது இரண்டு சக்கரங்களின் மேல் வளையமான பிளேடு சுற்றி மரம் அறுக்கும் இயந்திரத்தை, அண்மையில் வாங்கியிருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நான் தொழில்முறைத் தச்சன் அல்லன்; வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் மரவேலை கற்றவன். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் காசைக் கரியாக்கிக் கற்றிருக்கிறேன்.

பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த தேக்குச் சட்டங்களை நெட்டுக்குப் பிளந்து மெல்லிய பலகைகளாக்க விரும்பினேன். சட்டத்தின் உயரம் 4 அங்குலம். அகலமான பிளேடுதான் நேராக அறுக்கும் என்று எல்லோரும் சொல்வதை நம்பி, என் 9 அங்குல இயந்திரத்தில் அரை அங்குல பிளேடைப் பூட்டினேன். மேலும் கீழும் கோட்டிலேயே சென்ற வெட்டு, சட்டத்தின் நடுவில் மட்டும் வயிறு தள்ளியிருந்தது. டென்ஷன், அதாவது பிளேடை இழுத்துப் பிடிக்கும் விசை, போதவில்லை என்று திருகை இறுக்கினேன். சுருள்வில் முழுவதும் அமுங்கி, மேல் சக்கரத்தைத் தாங்கும் சட்டகம் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்ததே தவிர, பிளேடு விறைக்கவில்லை. இரண்டாம் நாள் வெடிச்சத்தத்துடன் அது அறுந்தது. எடுத்துப் பார்த்தால், பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் பலவற்றில் மயிரிழை போன்ற விரிசல்கள்.

பிளேடு விறைப்பாக இருந்தால்தான் அகலத்தால் பயன் உண்டு. சாதாரண கார்பன் எஃகு பிளேடுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு அளவில் இழுவிசை வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கில், 0.6 மி.மீ. தடிமனுள்ள அரை அங்குல பிளேடுக்கு இரு பக்கமும் சேர்த்து மேல் சக்கரத்தை ஏறத்தாழ 160 கிலோ விசையுடன் தூக்கிப் பிடிக்க வேண்டும். 0.35 மி.மீ. தடிமனுள்ள 3/8 அங்குல, அதாவது 3 நூல் பிளேடுக்கு 70 கிலோ போதும். சிறு இயந்திரத்தின் சட்டகம் பின்னதைத் தாங்கும், முன்னதைத் தாங்காது.

அறுந்ததற்குக் காரணம் தடிமன். சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் தடிமன் கூடாது என்பது பழைய விதி. 9 அங்குலத்துக்கு அது 0.23 மி.மீ. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பிளேடுகள் இந்த விதியை மீறுபவையே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.35க்கும் 0.6க்கும் வேறுபாடு பெரிது. 62 அங்குல நீளமுள்ள என் பிளேடு, நிமிடத்துக்கு 2,500 அடி வேகத்தில் 480 முறைக்கு மேல் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரங்களிலும் வளைந்து நிமிர்கிறது. தடித்த எஃகு எத்தனை நாள் அதைப் பொறுக்கும்?

பல் எண்ணிக்கைதான் பிழை, அகலம் அன்று என்று சிலர் வாதிடக்கூடும். அறுந்த அரை அங்குல பிளேடு, பிறகு நான் பூட்டிய 3 நூல் பிளேடு இரண்டுமே அங்குலத்துக்கு 6 பல் கொண்டவை. அதே தேக்கில் 3 நூல் பிளேடு, மெதுவாகத் தள்ளியபோது, நேராக இறங்கியது. 14 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் பொருந்தாது. அவர்கள் தயவுசெய்து சண்டைக்கு வர வேண்டாம்.

வளைவுகளே உங்கள் வேலை என்றால் கால் அங்குல பிளேடு போதும். ஏறத்தாழ 5/8 அங்குல ஆரம் வரை அது திரும்பும். 3 நூல் பிளேடோ ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவான ஆரத்தில் திணறும். என் இயந்திரத்தில் பெரும்பாலான நாட்கள் கால் அங்குலமே பூட்டியிருக்கிறது.

என் ஆதங்கம் ஒன்று உண்டு: அகலத்தைக் கடைக்காரர் நூலிலும், பெட்டி மில்லிமீட்டரிலும், கையேடு அங்குலத்திலும் சொல்ல, தடிமனை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே பிளேடு வாங்கப் போகும்போது மைக்ரோமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன். கடைப் பையன் சிரித்தாலும் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன்.