கண்டமில்லாத கடற்புழுக்கள் தனித் தொகுதியா, வளைத்தசைப் புழுக்களின் கிளையா?

"சிப்பங்குலாவும் எக்கியூராவும் தனித்தனித் தொகுதிகள் என்று என் பாடநூலில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் இரண்டையும் வளைத்தசைப் புழுக்களுக்குள் சேர்த்திருக்கிறார்கள். எது சரி? உடலில் ஒரு கண்டம்கூட இல்லாத புழு எப்படி மண்புழுவுக்கு உறவாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணையத்தில் பார்த்ததுதான் சரி. சிப்பங்குலாவும் எக்கியூராவும் கடலில் வாழும் புழுக்கள்; வளைத்தசைப் புழுக்கள் என்பது மண்புழு அடங்கிய அன்னலிடா தொகுதி; கண்டம் என்பது உடலில் வரிசையாகத் திரும்ப வரும் துண்டு. ஆனால் உங்கள் பாடநூலை எழுதியவர் கவனக்குறைவாக எழுதிவிடவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திய நானும் பல ஆண்டுகள் இவற்றைத் தனித் தொகுதிகள் என்றே கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அப்போது கையிலிருந்த சான்றுகள் அப்படித்தான் சொல்லின. அவை எப்படி மாறின என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த உயிரைப் பார்த்துவிடுவோம். நான் முதுகலை படித்தபோது, 1988இல், மண்டபம் கடற்கரைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். நீர் வற்றியிருந்த காலை நேரம். கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பவளக்கல் ஒன்றை எங்கள் பேராசிரியர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பிளந்தார். உள்ளே விரல் நுழையாத துளைகள். அவற்றில் ஒன்றில் பழுப்பு நிறத்தில், தோலோடு கூடிய நிலக்கடலைப் பருப்பு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டார். கல் மாதிரிக் கிடந்தது. நான் குச்சியால் தொடப் போனேன். "தொடாதே, பொறு. அதுவாகவே வரும்" என்றார்.

ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். பருப்பின் ஒரு முனை மெல்லப் புடைத்தது. பிறகு, உள்பக்கமாகச் சுருட்டி இழுத்த சட்டைக் கையை வெளியே தள்ளுவதுபோல, அந்த முனையிலிருந்து ஒரு கழுத்து புரண்டு புரண்டு வெளியே வந்தது. நுனிவரை வந்ததும் வாயையொட்டிச் சிறு உணர்நீட்சிகள் விரிந்தன. கழுத்து உடலைவிட நீளமாகிவிட்டது. யாரோ மேசையைத் தட்டியதும் ஒரு நொடியில் எல்லாம் உள்ளே போய் மறுபடியும் கடலைப் பருப்பு.

சிப்பங்குலா என்ற பெயரை எப்போது கேட்டாலும் எனக்கு அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வரும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இன்று நீங்கள் அப்படிக் கல்லை உடைக்க முடியாது. 2001இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அனுமதி பெற்ற ஆய்வகங்கள் வழியாக மட்டுமே பார்க்க வேண்டும்.

இந்தப் புழுவின் உடலமைப்பு எனக்கு இன்றும் வியப்பைத் தருவது. உடல் இரண்டே பகுதி: தடித்த உடற்பகுதி, உள்ளிழுத்துக்கொள்ளும் கழுத்து. கழுத்தை உள்ளே இழுக்கத் தனித் தசைகள் உண்டு. வெளியே தள்ளத் தனியாக ஒன்றும் கிடையாது. உடற்சுவர்த் தசைகள் சுருங்கி, உடற்குழித் திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தமே கழுத்தை வெளியே தள்ளிவிடும். குடல் நேராக வால் முனைக்குப் போவதில்லை. கீழே இறங்கி, திரும்பி, இறங்கிய பாதையையே சுற்றிக்கொண்டு முறுக்கிய கயிறு மாதிரி மேலே வருகிறது. மலத்துளை முதுகுப்பக்கத்தில், கழுத்து தொடங்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. ஒரே வாசல் உள்ள துளையில் வாழும் உயிருக்குக் கழிவு பின்முனையில் வெளியேறினால் அது தன் கழிவிலேயே புதைந்துவிடும். வாசலருகே வெளியேற்றுவதே வழி.

ஆக்சிஜனைச் சுமக்கும் நிறமி ஹீமோகுளோபின் அல்ல, ஹீமெரித்ரின். அதிலும் இரும்பு உண்டு, ஆனால் ஹீம் வளையம் கிடையாது. எங்கள் மாதிரிகளில் ஒன்று கல் சில்லு பட்டுக் கிழிந்துவிட்டது. வெளிவந்த சொட்டு முதலில் நிறமில்லாமல் இருந்தது. காற்றுப் பட்ட ஓரத்திலிருந்து மெல்லிய ஊதா கலந்த இளஞ்சிவப்பு பரவியது. ஒரு புரதம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதை நான் வெறும் கண்ணால் கண்டது அன்றுதான்.

இப்போது கண்டம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோலின்மேல் தெரியும் வரி கண்டம் ஆகாது. மண்புழுவை அறுத்துப் பார்த்திருப்பீர்கள். உள்ளே தடுப்புச் சுவர்கள், ஒவ்வொரு அறையிலும் கழிவு நீக்கும் நெஃப்ரீடியா, நரம்பு வடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு முடிச்சு. இப்படி ஒரே அமைப்பு வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவதே கண்டம். சிப்பங்குலாவில் இது எதுவும் இல்லை. உடற்குழி தடுப்பில்லாத ஒரே கூடம். பெரும்பாலானவற்றில் நெஃப்ரீடியா ஒரே ஒரு சோடி. நரம்பு வடம் முடிச்சில்லாத ஒற்றை நூல். சிப்பங்குலஸ் நூடஸ் என்ற பெரிய இனத்தின் தோலில் நெடுக்குத் தசையும் குறுக்குத் தசையும் சேர்ந்து கட்டம் போட்ட துணி போலத் தெரியும். அதைக் கண்டம் என்று எழுதி மதிப்பெண் இழந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இல்லாமைதான் வகைப்பாட்டாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1847இல் பிரெஞ்சு விலங்கியலாளர் காத்ரஃபாஜ், சிப்பங்குலா, எக்கியூரா, பிரியாபுலிடா என்ற இன்னொரு கடற்புழு வகை மூன்றையும் ஒன்றாக்கி ஜெஃபிரியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குப் பாலம் என்று பொருள். வளைத்தசைப் புழுக்களுக்கும் கடல் அட்டைகளுக்கும் நடுவில் இவை பாலம் என்பது அவர் எண்ணம். பாக் நீரிணைப் பக்கம் கடல் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரியும். தடித்த தோல், வாயைச் சுற்றி நீட்சிகள், பிடித்தால் சுருங்குவது எல்லாம் ஒத்துப்போகின்றன. அந்தப் பெயர் நம் கடலையும் தொட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய 1902இல் விலங்கியலாளர் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தார். அவர் சேகரித்த இந்தப் புழுக்களை ஆர்தர் ஷிப்லி விவரித்ததும் ஜெஃபிரியா என்ற தலைப்பின் கீழ்தான்.

ஜெஃபிரியா நிலைக்கவில்லை. 1898இல் விலங்கியலாளர் செட்ஜ்விக் சிப்பங்குலாவைத் தனித் தொகுதியாக்கினார். எக்கியூராவுக்கு அந்தத் தகுதி 1940இல், நியூபி என்ற விலங்கியலாளரின் ஆய்வுக்குப் பிறகு கிடைத்தது. பிரியாபுலிடா எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? தோலுரிக்கும் உயிர்களின் பக்கம். அதாவது உருளைப்புழுக்களும் பூச்சிகளும் நண்டுகளும் இருக்கும் பெருங்கிளைக்கு. வெளித்தோற்றத்தையும் கண்டமில்லாமையையும் வைத்து ஒரே பெட்டியில் போட்டிருந்த மூன்றில் ஒன்று, மற்ற இரண்டைவிட இறாலுக்கு நெருக்கமான உறவு.

என் விடையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒன்று இல்லை என்பதை வைத்து உறவு சொல்லக் கூடாது. கால் இல்லை என்பதற்காகப் பாம்பையும் மண்புழுவையும் ஒரு கூட்டத்தில் சேர்க்க மாட்டோம். பல்லிக்கு இருக்கும் கால் பாம்புக்கு இல்லையே என்று பாம்பை ஊர்வனவற்றிலிருந்து வெளியே தள்ளவும் மாட்டோம். கால் இருந்த முன்னோரிடமிருந்து வந்து அதை இழந்தது பாம்பு. மலைப்பாம்பின் பின்பகுதியில் அந்தக் காலின் எச்சம் சிறு நகம் போல இன்னும் இருக்கிறது.

அப்படியானால் கண்டத்தின் எச்சம் இந்தப் புழுக்களில் இருக்க வேண்டுமே? இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நியூபி ஆராய்ந்தது கலிஃபோர்னியக் கடற்கரைச் சேற்றில் வாழும் யூரெகிஸ் காபோ என்ற எக்கியூராவை. காபோ என்றால் லத்தீனில் சத்திரக்காரன். அது தோண்டும் யு வடிவ வளையில் ஒரு சிறு மீன், செதில் புழு, பட்டாணி நண்டு எல்லாம் குடியிருக்கும். சளியால் வலை பின்னி, உடலை அசைத்து நீரை உள்ளே இழுத்து, சிக்கிய துகள்களை வலையோடு விழுங்கும். மீந்ததைக் குடியிருப்பவர்கள் தின்பார்கள். அந்தப் புழுவின் கருவளர்ச்சியை முழுக்கத் தொடர்ந்து பார்த்த நியூபி, எந்தக் கட்டத்திலும் கண்டம் இல்லை என்று முடிவு செய்தார். அவரிடம் இருந்த நுண்ணோக்கியில் அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

2002இல் ஹெஸ்லிங் என்ற ஆய்வாளர் அதே யூரெகிஸ் காபோவின் லார்வாவை எடுத்தார். நரம்பு செல்களை மட்டும் ஒளிரச் செய்யும் சாயங்களைப் பயன்படுத்தி, கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பு வடத்தில் நரம்பு செல்கள் சீரான இடைவெளியில், வரிசையாக, முன்னிருந்து பின்னாக உருவாகிக்கொண்டிருந்தன. வளைத்தசைப் புழுவில் கண்டங்கள் உருவாகும் அதே ஒழுங்கு. பொனெல்லியா விரிடிஸ் என்ற இன்னொரு எக்கியூராவிலும் அவரும் வெஸ்ட்ஹைடும் அதையே கண்டார்கள். ஒரே இனம், 62 ஆண்டு இடைவெளி, எதிரெதிரான இரண்டு முடிவுகள்.

சிப்பங்குலாவுக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறிஸ்டோஃப், வோலெசன், வானிங்கர் மூவரும் ஃபாஸ்கோலோசோமா அகாசிசியின் லார்வாவைப் பார்த்தார்கள். நரம்பு வடம் இரட்டையாகத் தொடங்குகிறது. அதையொட்டி நரம்பு செல்கள் சோடி சோடியாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. பிறகு இரண்டு வடங்களும் ஒன்றாக இணைகின்றன, செல்கள் இடம் மாறிவிடுகின்றன, கண்டத்தின் தடம் அழிந்துபோகிறது. வளர்ந்த புழுவை மட்டும் அறுத்துப் பார்த்த நாங்கள் அதை எப்படி அறிந்திருக்க முடியும்?

மரபணுச் சான்றுகள் அதற்கு முன்பே அந்தத் திசையைக் காட்டத் தொடங்கியிருந்தன. 1997இல் மெக்ஹியூ எக்கியூராவை வளைத்தசைப் புழுக்களுக்குள் வைத்தார். 2002இல் பூரும் ஸ்டேட்டனும் ஒரு சிப்பங்குலாவின் மைட்டோகாண்ட்ரிய மரபணு வரிசையை ஆராய்ந்து, அது மெல்லுடலிகளைவிட வளைத்தசைப் புழுக்களுக்கே நெருக்கம் என்றார்கள். மெல்லுடலிகள் ஏன் நடுவில் வந்தன என்று கேட்பீர்கள். சிப்பங்குலாவின் முட்டை பிளவுறும் தொடக்கக் கட்டத்தில் செல்கள் சிலுவை வடிவில் அமைவது நத்தை வகைகளை நினைவூட்டும். அதை வைத்து 1990களில் ஒரு தரப்பு வலுவாக வாதிட்டது. பெருமளவு மரபணுத் தரவுகளோடு 2011இலும் 2014இலும் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு அந்த வாதம் ஓய்ந்துவிட்டது.

இன்றைய நிலையில் எக்கியூராவின் மிக நெருங்கிய உறவு காபிடெல்லிடே. சேற்றில் மண்புழு போலவே வாழும், நன்றாகக் கண்டமுள்ள பாலிகீட்டுக் குடும்பம் (பாலிகீட்டுகள் பெரும்பாலும் கடலில் வாழும் வளைத்தசைப் புழுக்கள்) அது. எக்கியூராவின் உடலில் முன்பக்கம் கைட்டினாலான கொக்கி முட்கள் ஒரு சோடி உண்டு. வளைத்தசைப் புழுக்களின் அடையாளமான சீட்டாக்கள், அதாவது முள்மயிர்கள், அவை. உறவுக்கான சான்று தோலிலேயே குத்திக்கொண்டு நின்றது. சிப்பங்குலாவில் அதுவும் இல்லை. அது மரத்தின் அடியிலேயே பிரிந்த பழைய கிளை. அதன் அருகில் வருபவை தொட்டால் எரியும் நெருப்புப் புழுக்கள். சீனாவின் செங்ஜியாங்கில் கிடைத்து 2004இல் விவரிக்கப்பட்ட சிப்பங்குலாப் புதைபடிவங்களுக்கு வயது சுமார் 52 கோடி ஆண்டுகள். அவையும் இன்றைய புழுவைப் போலவே இருக்கின்றன. அவ்வளவு பழையது என்றால் கண்டம் தோன்றுவதற்கு முன்பே பிரிந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால் பிரிந்த ஓவெனிடே, மாகெலோனிடே குடும்பங்கள் கண்டமுள்ளவை. அதனால் இருந்ததை இழந்தது என்று கொள்வதே பொருத்தம்.

தேர்வுக்குத் தேவைப்படும் வகைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிப்பங்குலாவில் சுமார் 150 சிற்றினங்கள். 2012இல் கவாவுச்சி, ஷர்மா, ஜிரிபெட் செய்த திருத்தத்தின்படி ஆறு குடும்பங்கள்: சிப்பங்குலிடே, கோல்ஃபிங்கிடே, சைஃபனோசோமாட்டிடே, ஆன்டிலிசோமாட்டிடே, ஃபாஸ்கோலோசோமாட்டிடே, ஆஸ்பிடோசைஃபனிடே. கோல்ஃபிங்கியா என்ற பேரினப் பெயரை 1885இல் லங்கெஸ்டர் வைத்தது, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப் ஆடிய விடுமுறையின் நினைவாக. அந்தப் பெயரை மறக்காமலிருக்க இது போதும்.

ரிப்பன் புழுக்களான நெமெர்டியாவைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. கண்டமற்ற கடற்புழு என்றால் அவையும் வரும். அவை இன்றும் தனித் தொகுதிதான். குடலுக்கு மேலே தனி உறையில் மடங்கிக் கிடந்து பாயும் துதிக்கை அவற்றின் அடையாளம். தமிழில் அவற்றை நாடாப் புழு என்று எழுதிவிடாதீர்கள். அது குடலில் வாழும் ஒட்டுண்ணித் தட்டைப்புழுவின் பெயர்.

கடைசியாகத் தேர்வு. உங்கள் பாடத்திட்டம் தனித் தொகுதி என்று சொன்னால் அதன்படி எழுதுங்கள். அடுத்த வரியிலேயே "மரபணுச் சான்றுகளின்படியும் லார்வாவின் நரம்பமைப்பின்படியும் இவை இப்போது அன்னலிடாவில் வைக்கப்படுகின்றன" என்று சேர்த்துவிடுங்கள். நான் விடைத்தாள் திருத்திய காலத்தில் அந்த ஒரு வரிக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஆய்வகத்தில் உயிருள்ள ஃபாஸ்கோலோசோமா கிடைத்தால் விளக்கைக் குறைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தொடாமல் உட்காருங்கள். கழுத்து வெளிவரும்போது அதில் சிறு கொக்கிகள் வளையம் வளையமாக வரிசை கட்டியிருக்கும். கைலென்ஸ் இருந்தால் எண்ணலாம். அவையும் கண்டம் அல்ல.