எடின்பரோ கோமகன் விருது: வன்னி மாணவரின் கேள்விகள்

மல்லாவி, தரம் 9 மாணவி: எனக்கு 14 வயது. வெண்கல விருதுக்கு என்ன செய்ய வேணும்?
வெண்கலம் இந்த இளைஞர் விருதுத் திட்டத்தின் முதற்படி. சேவை, திறன், உடற்பயிற்சி மூன்றும் தலா 3 மாதம், கிழமைக்குக் குறைந்தது 1 மணித்தியாலம். அதில் ஒன்றை நீங்களே தெரிவுசெய்து இன்னும் 3 மாதம் தொடர வேணும். குழுவாகப் போய்க் கூடாரத்தில் தங்கும் சாகசப் பயணம் 2 பகல், 1 இரவு. ஆக, 6 மாதத்துக்குக் குறைய முடியாது. ஒரு பிரிவின் 3 மாதத்துக்கு வரும் 13 மணித்தியாலத்தையும் ஒரே லீவில் ஓட்டி முடித்தால் கணக்கில் சேராது.

கிளிநொச்சி, தாய்: பிள்ளை எங்கட வயலில வேலை செய்யுது. சேவை எண்டு எழுதலாமோ?
எழுதேலாது. வீட்டு வேலையும் கூலி வேலையும் சேவையாகாது. ஆனால் பிள்ளை பனையோலைப் பின்னல் பழகினால் அது திறன். பழக்கி ஒப்பமிடுகிறவர் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்.

புதுக்குடியிருப்பு, தரம் 11 மாணவன்: குளத்தடியில 40 பனங்கொட்டை நட்டம். 2 மாதமாகியும் ஒண்டும் தெரியேல்லை. சேவை வீணோ?
வீணில்லை. பனை முதலில் கீழேதான் போகும். கொட்டையில் இருந்து முளை மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு வைத்த பிறகுதான் மேலே ஓலை வரும்; அதற்குப் பல மாதம் செல்லும். "முளைச்சிட்டுதோ" என்று கிண்டிப் பார்க்கவே வேண்டாம், முளை முறிந்தால் அந்தக் கொட்டை போச்சு. பாத்தியில் முளைக்க வைத்துப் பிடுங்கி நடுவதும் இதனால்தான் சரிவராது. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை, மாரி மழைக்கு முன் 10 அடிக்கு ஒன்றாக நிற்க வேண்டிய இடத்திலேயே புதையுங்கள்.

ஒரு நாள் நட்டுவிட்டு வந்தால் பதிவில் ஒரு நாள்தான். ஒவ்வொரு கொட்டைக்கும் இலக்கமிட்ட தடி ஊன்றி, கருக்குமட்டையால் அடைத்து, கிழமைக்கு ஒருக்கால் போய் எண்ணி எழுதுங்கள். மாட்டைவிடப் பெரிய ஆபத்து தை மாதத்தில் கிழங்கு கிண்ட வருகிறவர்கள். ஊராருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சின்னக் குளமென்றால் கமக்காரர் அமைப்பிடமும் கமநல சேவை நிலையத்திடமும் கேட்காமல் குளக்கட்டில் மண்வெட்டி வைக்கக்கூடாது.

ஒட்டுசுட்டான், பொறுப்பாசிரியர்: சாகசப் பயணத்துக்குப் பாதை எப்படித் தெரிவுசெய்வது?
குழுவில் 4 முதல் 7 பேர். முதலில் ஒரு பயிற்சிப் பயணம் கட்டாயம். வெண்கலத்துக்கு நாளுக்கு 6 மணித்தியால முயற்சி வேணும், ஆகவே காலை 6 மணிக்கே புறப்பட்டு வெயிலுக்கு முன் பாதியை நடந்துவிடுங்கள். ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர். பற்றைக்குள் இறங்கும் விறகுப் பாதை குறுக்குவழியாகத் தெரிந்தாலும், மிதிவெடிப் பலகை இல்லாவிட்டாலும், புழக்கமுள்ள வீதியை விட்டு ஒரு பிள்ளையையும் இறங்க விடாதீர்கள். நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டால் யானை வரும். பின்னேரம் 4 மணிக்குள் பாடசாலை வளவொன்றில் கூடாரம் அடித்திருக்க வேணும்.