ஓசி இணையத்துக்கு யார் காசு கொடுத்தது?

கேள்வி: விளம்பரம் மட்டும் இல்லையென்றால் இணையம் இவ்வளவு வளர்ந்தே இருக்காது என்கிறார், விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை. உண்மையா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மாப்பிள்ளை பேச்சைத் தட்ட வேண்டாம், அதற்காக முழுசாக ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

தேதியைப் பாருங்கள். இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 (‘லாகின்’ என்று அடிக்கப் போய் இரண்டே எழுத்தில் படுத்துவிட்டது, அது தனிக் கதை). ஹாட்வயர்டு தளத்தில், ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் காசில், அந்தப் பேர்பெற்ற முதல் பேனர் விளம்பரம் தொங்கியது 1994 அக்டோபர் 27. நடுவில் இரண்டு நாள் குறைய 25 வருஷம்! அதில் பெரும்பகுதிச் செலவை அமெரிக்க அரசும் பல்கலைக்கழகங்களும்தான் சுமந்தன. அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்திய, சின்னச் சின்ன வலைகளை இணைத்த முதுகெலும்பு வலையில் வியாபாரத்துக்கே அனுமதி கிடையாது. ஈமெயில் வந்தது அந்தக் காலத்தில்தான். 1993இல் செர்ன் ஆய்வகம், டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய வலை நுட்பத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதே, கூட்டம் சேர்ந்ததற்கு அதுதான் பெரிய காரணம் என்பேன்.

சரி, விளம்பரம் என்னதான் செய்தது? சேர்ந்த கூட்டத்தை ஓசியிலேயே உட்கார வைத்தது. கூகுளை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி விளம்பரம் கொடுப்பவர் பக்கம்தான் சாயும் என்று 1998இல் ஆய்வுக் கட்டுரையில் எழுதிய அதன் நிறுவனர்கள் செர்கே பிரின்னும் லாரி பேஜும், 2000இல் தாங்களே ஆட்வேர்ட்ஸ் என்று விளம்பரம் விற்கும் கடையைத் திறந்தார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன், சர்வருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? நாம் பைசா கொடுக்காமல் மேப் பார்ப்பதும் யூடியூபில் சமையல் பார்ப்பதும் அந்தக் கல்லாவிலிருந்துதான். ஆனால் நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு காசு என்றான பிறகு, எழுந்து போகவிடாத சரக்காகத்தானே தேடித் தேடி முன்னால் தள்ளுவார்கள்?

இதே காலத்தில் விக்கிப்பீடியா 2001இல் தொடங்கி விளம்பரமே இல்லாமல் நன்கொடையில் ஓடுகிறது. நம் ஊரில் கைக்குக் கை இணையம் வந்ததும் விளம்பரத்தால் அல்ல, 2016இல் ஜியோ இறங்கி டேட்டா விலை சரிந்த பிறகு.

இன்னொன்று, திரையில் திடீரென்று குதிக்கும் பாப்-அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதிய ஈதன் ஸக்கர்மன் 2014இல் அதற்காக மன்னிப்பே கேட்டுவிட்டார். மாப்பிள்ளையிடம் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், தீபாவளி வேறு வருகிறது.