மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் பெற்றோருக்கு என்ன வேலை இருக்கிறது?

ராயபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நீங்கள், மகளை வரும் ஜூனில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் பெற்றோருக்கு அங்கே ஏதாவது இடம் உண்டா, வரும் மாதங்களில் என்னென்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகன் காசிமேட்டுப் பக்கம் அப்படியொரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். 2024 ஆகஸ்ட்டில் பள்ளி மேலாண்மைக் குழு புதிதாக அமைக்கப்பட்டபோது நானும் உறுப்பினரானேன்.

எங்கள் பள்ளியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் நேரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். விடியுமுன்பே மீன் ஏலத்துக்குப் போய்விடும் தாய்மார்கள் இங்கே பலர். அவர்களுடைய பிள்ளைகளை அக்காவோ பாட்டியோதான் தலைவாரி அனுப்புகிறார்கள். ஆகவே, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் மாநிலமெங்கும் விரிவடைந்த காலை உணவுத் திட்டம் இந்தத் தெருக்களில் வெறும் அரசு அறிவிப்பாக இல்லை. புதன்கிழமைப் பொங்கலில் மிளகைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுச் சாப்பிடும் என் மகனை நானே பார்த்திருக்கிறேன். (1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கக் காரணமாயிருந்த பிட்டி தியாகராயரும் வட சென்னைக்காரர்தான் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.)

குழுவுக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களுமாக இருக்க வேண்டும். ஏட்டில் இருக்கும் இந்தக் கணக்கு கூட்டத்திலும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் எங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கிறது, வெள்ளிக்கிழமையில் மீன் வாங்குவோர் குறைவு என்பதால் காலியான அன்னக்கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்து உட்காரும் பெண்களே அங்கே அதிகம். வர முடியாதவர்கள் கம்பெனி வேலைக்குப் போகும் பெற்றோர்தான், என் கணவர் உட்பட.

சென்ற முறை பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக்கு ஆட வாடகை உடைக்கென்று பிள்ளைக்கு முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள். பணம் கட்ட முடியாத நான்கு பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, "ஏம்மா, யூனிபாரத்துல ஆடுனா ஆட்டம் வராதா?" என்று கேட்டார். தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார், ஆனால் அதைத் தீர்மானமாகவே எழுதிக்கொண்டார். பிப்ரவரியில் வரவிருக்கும் விழாவில் பள்ளிச் சீருடையும், வீட்டிலிருக்கும் துண்டும் புடவையும் மட்டுமே. பயிற்சி இப்போதே நடக்கிறது. மூன்றாம் வகுப்பில் மீனவர் பாட்டுக்குத் துடுப்பாக ஒட்டடைக்குச்சியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

அதற்கு முன்னால் ஜனவரி 26 கொடியேற்றம் இருக்கிறது. மிட்டாயோடு சீக்கிரம் முடிந்துவிடும். மார்ச்சில் சேர்க்கைப் பேரணி. பிள்ளைகள் பதாகை பிடிக்க, ஆசிரியைகளோடு நாங்களும் சந்து சந்தாகப் போய் ஐந்து வயது முடியும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பேசுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்தில் பல வீடுகளில் கையில் காசிருக்காது. பாடநூலும் நோட்டும் சீருடையும் விலையின்றிக் கிடைப்பதைப் பேரணியில் நாங்கள் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

குறையும் உண்டு: கழிப்பறைத் தாழ்ப்பாளுக்காக மூன்று கூட்டங்களில் தீர்மானம் போட்டோம், நான்காவதற்குள்தான் மாட்டினார்கள். உங்கள் மகளைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு உங்கள் பகுதிப் பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்.